வீடு பார்க்கும் நாள்: கேட்க வேண்டியவையும் கேட்கக் கூடாதவையும்

அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த வீட்டை வார இறுதியில், பெரும்பாலும் ஞாயிறு பிற்பகலில், சில மணி நேரம் திறந்து வைத்துவிடுவார்கள். விரும்பியவர் எவரும் உள்ளே வந்து அறை அறையாகப் பார்க்கலாம். ‘ஓப்பன் ஹவுஸ்’ என்பது அதன் பெயர். தமிழ்நாட்டில் அப்பெயர் அவ்வளவாகப் புழங்கவில்லை. ஆனால் அதன் வேலையைச் செய்யும் நிகழ்வுகள் நம்மிடமும் உண்டு. மனைப்பிரிவு போடுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வேன் ஏற்பாடு செய்து, மதியச் சாப்பாட்டோடு ‘சைட்’ காட்டுகிறார்கள். அடுக்ககம் கட்டுகிற நிறுவனங்கள் மாதிரி வீடு ஒன்றை அலங்கரித்து வைக்கின்றன. பழைய வீடாக இருந்தால் தரகர் சாவியோடு வாசலில் நிற்கிறார், அல்லது விற்பவரே குடும்பத்தோடு வீட்டில் இருந்து வரவேற்கிறார்.

வீடு பார்க்கும் அந்த அரை மணி நேரத்தில் இரண்டு சோதனைகள் நடக்கின்றன. வாங்க வந்தவர் சுவரையும் குழாயையும் சோதிக்கிறார். விற்பவர், வந்தவரின் சாதியைச் சோதிக்கிறார். முதல் சோதனையைச் சட்டம் விரிவாக ஒழுங்குபடுத்தியிருக்கிறது. இரண்டாவதைப் பற்றியும் சட்டம் பேசியிருக்கிறது. அதை அறிந்தவர்கள் குறைவு. அறிந்து பயன்படுத்தியவர்கள் அதனினும் குறைவு. முதல் தலைமுறையாகச் சொந்த வீடு வாங்கப் புறப்படும் தலித் குடும்பங்களுக்கும், அவர்களுக்குத் துணை நிற்கும் மாணவர்களுக்கும் இவ்விரண்டுமே தெரிந்திருக்க வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

சட்டம் எழுதி வைத்த மரியாதை

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55ஆம் பிரிவில், விற்பவருக்கும் வாங்குபவருக்கும் உள்ள கடமைகளை வரிசையாகச் சொல்கிறது. சொத்திலோ அதன் உரிமையிலோ விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை இருக்குமானால் அதை விற்பவர் வெளிப்படுத்த வேண்டும். வாங்குபவர் கேட்டால் உரிமை ஆவணங்கள் அனைத்தையும் பார்வைக்குத் தர வேண்டும். சொத்தைப் பற்றியும் அதன் உரிமையைப் பற்றியும் வாங்குபவர் கேட்கும் பொருத்தமான கேள்விகள் அனைத்துக்கும் தமக்குத் தெரிந்தவரை விடையளிக்க வேண்டும்.

ஆகவே மூலப் பத்திரத்தைக் கேட்பது விற்பவரை அவமதிப்பதாகாது. ‘எங்களை நம்பவில்லையா?’ என்று முகம் சுளிக்கிறவரிடம், இது நம்பிக்கை சார்ந்ததன்று, சட்டம் எனக்குத் தந்த உரிமை என்று பணிவாகச் சொல்லலாம். நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் இந்த இடத்தில்தான் தயங்குகிறார்கள். பிறர் வீட்டுத் திண்ணையில்கூட உட்கார அனுமதிக்கப்படாத தலைமுறையிலிருந்து வந்தவர்களுக்கு, அதே வீட்டின் கூடத்தில் அமர்ந்து பத்திரத்தைக் கொடுங்கள் என்று கேட்பது எளிதன்று. பிள்ளைகள் உடன் செல்வது இதற்காகவே தேவைப்படுகிறது.

வாங்குபவர் என்ன சொல்ல வேண்டும்? சொத்தில் விற்பவருக்கு உள்ள உரிமையின் தன்மையைப் பற்றியோ அளவைப் பற்றியோ விற்பவருக்கே தெரியாத, ஆனால் மதிப்பைக் கணிசமாகக் கூட்டக்கூடிய உண்மை ஏதேனும் வாங்குபவருக்குத் தெரிந்திருந்தால் அதைச் சொல்ல வேண்டும். பேசிய விலையைக் கொடுக்க வேண்டும். தம்மைப் பற்றி அவர் வெளிப்படுத்த வேண்டியது என்று 55ஆம் பிரிவில் எதுவும் இல்லை. பத்திரப் பதிவுக்கு அடையாளச் சான்று, வருமான வரி நிரந்தர எண், புகைப்படம், சாட்சிகள் ஆகியவை தேவை. தனியார் மனையோ வீடோ வாங்குவதற்குச் சாதிச் சான்றிதழ் தேவையில்லை.

ஆனால் நிபந்தனையோடு ஒப்படைக்கப்பட்ட நிலத்தில் சாதி சட்டப்படியே பொருட்படும். பஞ்சமி நிலம் அவற்றுள் முதன்மையானது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் தொடங்கிய அந்த ஒப்படைப்பில், பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பின்னரும் பட்டியல் சாதியினரைத் தவிர வேறெவருக்கும் விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அதை மீறிய விற்பனை செல்லாது. நிலத்தை அரசு மீட்டெடுக்கலாம். ஊருக்கு வெளியே புதிதாகப் போடப்படும் மனைப்பிரிவுக்கு வேனில் அழைத்துச் செல்லப்படுகிறவர்கள், அந்தச் சர்வே எண் அ-பதிவேட்டில் எவ்வாறு பதிவாகியிருக்கிறது என்று பார்ப்பது இதனால்தான் கட்டாயம். தலித்துகளிடமிருந்து பறிக்கப்பட்ட நிலத்தையே மனைகளாக வெட்டித் தலித்துகளுக்கு விற்கும் கொடுமைக்கு நாமே பணம் கொடுத்துவிடக் கூடாது.

போவதற்கு முன்

வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே காகிதத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பதை என்னிடம் ஆலோசனைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன். வீட்டைப் பார்த்த பிறகு மனம் அதில் குடியேறிவிடும்; பிறகு காகிதத்திலுள்ள ஓட்டைகள் கண்ணில் படா. சர்வே எண்ணைத் தரகரிடம் முன்கூட்டியே வாங்கிக்கொண்டால், பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தையும், வருவாய்த் துறையின் இணையச் சேவையில் பட்டா, அ-பதிவேடு, புல வரைபடம் ஆகியவற்றையும் பார்க்கலாம். சர்வே எண்ணைத் தர மறுக்கும் தரகரோடு வேனில் ஏறாதிருப்பதே நல்லது. மனைப்பிரிவாக இருந்தால் உரிய திட்ட அமைப்பின் ஒப்புதல் எண்ணும், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணும் வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேலோ அமையும் திட்டத்தைப் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்வதற்கே 2016ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது.

மாதிரி வீட்டைப் பற்றியும் அச்சட்டத்தில் பயனுள்ள ஒரு பிரிவு உண்டு. விளம்பரத்தையோ மாதிரி வீட்டையோ நம்பி முன்பணம் கொடுத்தவர், அதில் காட்டப்பட்டது பொய் என்பதால் இழப்படைந்தால் 12ஆம் பிரிவின்படி இழப்பீடு கோரலாம். திட்டத்திலிருந்து விலகினால் வட்டியோடு பணத்தைத் திரும்பப் பெறலாம். எனவே மாதிரி வீட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பரத் துண்டறிக்கையை எறியாதீர்கள். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று 13ஆம் பிரிவு சொல்கிறது. ‘இன்றைக்கே புக் செய்தால்தான் இந்த விலை’ என்ற அவசரத்துக்கு இதுவே பதில்.

குடியிருக்கும் வீட்டைப் பார்க்கப் போகும்போது சில சாதாரண மரியாதைகள் உண்டு. சொன்ன நேரத்துக்குப் போவது, கேட்டுவிட்டுப் படம் எடுப்பது, அலமாரியைத் திறக்காதிருப்பது, வாடகைக்குக் குடியிருப்பவர் இருந்தால் அவர் முன் விலை பேசாதிருப்பது போன்றவை. இவற்றை எவரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குழாயைத் திறந்து தண்ணீரைச் சுவைத்துப் பார்ப்பதும், மழைக்காலத்தில் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று எதிர்வீட்டில் கேட்பதும், பகலில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் போவதும் மரியாதைக் குறைவாகா. ஒருவர் மட்டும் போகாமல் இருவராகப் போவது நல்லது. கண்களின் எண்ணிக்கைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பின்னால் சாட்சி தேவைப்படலாம்.

‘உங்களுக்கு எந்தப் பக்கம்?’

நகரத்தில் சாதியை நேராகக் கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். கேள்வி உருமாறியிருக்கிறது. ‘சொந்த ஊர் எது?’ என்று தொடங்கும். ஊரின் பெயர் போதாது. ‘ஊரில் எந்தத் தெரு?’ என்று நீளும். ‘குலதெய்வம் எது?’, ‘அப்பா என்ன செய்தார்?’, ‘சைவமா அசைவமா?’, ‘இங்கே உங்கள் சொந்தக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா?’ என்று வரும். தரகர்கள் தொலைபேசியிலேயே ‘ஓனர் கொஞ்சம் பார்ப்பார், நம்மவங்கதானே?’ என்று முடித்துவிடுவார்கள். கேட்கத் துணியாதவர்கள் வாட்ஸாப் முகப்புப் படத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். சிலர் வீட்டில் எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வரும். வீடு பார்க்க வந்தவருக்கு மட்டும் காகிதக் குவளையில் வரும். சுகாதாரம் என்று சொல்லிவிடலாம் அல்லவா?

மறுப்பும் அப்படியே நாகரிகமாக வரும். ‘வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறோம்’, ‘வெளிநாட்டில் இருக்கும் பையன் விற்க வேண்டாம் என்கிறான்’, ‘ஏற்கெனவே ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டோம்’. மறு வாரமே அதே வீட்டின் விளம்பரம் மீண்டும் வரும். அப்போதுதான் நடந்தது என்னவென்று தெரிகிறது.

இக்கேள்விகளுக்கு என்ன பதில் சொல்வது என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். சட்டத்தின் பதில் தெளிவானது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, ஒருவர் ஒப்பந்தம் செய்யும் விருப்பத்தைப் பாதிக்கக்கூடிய உண்மையைப் பற்றிக்கூட, பேச வேண்டிய கடமை இல்லாதபோது வெறும் மௌனம் மோசடியாகாது என்கிறது. வாங்குபவருக்குத் தம் சாதியைச் சொல்லும் கடமை எந்தச் சட்டத்திலும் இல்லை. எனவே, ‘பத்திரத்துக்குத் தேவையான விவரம் எல்லாம் தருகிறேன், இது அதற்குத் தேவையில்லையே’ என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். வேறொரு சாதியின் பெயரைச் சொல்லிவிடுவது நல்லதன்று என்பது என் கருத்து. அறத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பிற்பாடு வழக்கு என்று வந்தால் ‘பொய் சொல்லி ஏமாற்றினார்’ என்ற வாதத்தை எதிர்த்தரப்பின் கையில் நாமே கொடுத்ததாகிவிடும். மௌனத்தை அப்படித் திருப்ப முடியாது. எனினும் தலைக்கு மேல் கூரை வேண்டிய நெருக்கடியில் ஒருவர் மறைத்துப் பேசியிருந்தால் அவரைக் குறைசொல்லும் தகுதி, அவரை மறைக்கச் செய்த சமூகத்துக்கு இல்லை.

எழுத்துக்கு வந்த பிறகு

விலை பேசி முடித்த பிறகு, பதிவுக்கு முன்பாகச் சாதி தெரியவந்து பின்வாங்குவது அடிக்கடி நடப்பதுதான். டோக்கன் பணத்தைத் திருப்பிக் கையில் திணித்துவிடுவார்கள். கிரய ஒப்பந்தம் எழுத்தில் இருந்தால் கதை வேறு. 2018ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு, குறித்தவகை நிவாரணச் சட்டத்தின்படி ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தருமாறு உத்தரவிடுவது நீதிமன்றத்தின் விருப்புரிமையாக இல்லாமல் பொது விதியாகிவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்பது விற்பவருக்குத் தப்பும் வழியாகாது. வாங்குபவர் முழுத் தொகையோடு ஆயத்தமாக இருந்ததைக் காட்ட வேண்டும். வங்கிக் கடன் ஒப்புதல் கடிதம், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை இங்கே உதவும். குறித்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும்.

தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவு செய்யாத ஒப்பந்தத்தையும் நிறைவேற்றக் கோரும் வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் நம் மாநிலத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் கூறியிருக்கிறது. ஆயினும் பதிவு செய்வதே பாதுகாப்பு. பார்த்த நாளுக்கும் எழுத்துக்கு வரும் நாளுக்கும் இடைவெளி எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு நல்லது. அந்த இடைவெளியில்தான் ‘விசாரிப்பு’ நடக்கிறது. டோக்கனை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக, ‘இன்ன முகவரி வீட்டுக்கான முன்பணம்’ என்ற குறிப்போடு அனுப்புங்கள்.

முதலிலேயே மறுத்தால்

எழுத்துக்கு வராத நிலையில் மறுக்கப்பட்டவருக்கு என்ன வழி என்பதே கடினமான கேள்வி. இதற்கு அமெரிக்காவில் என்ன நடந்தது என்பதைச் சற்றுப் பார்ப்பது பயன்தரும். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டது 1968 ஏப்ரல் 4. அதற்கு ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 11 அன்று நியாய வீட்டுவசதிச் சட்டம் கையெழுத்தானது. இன்றுள்ள வடிவில் அது இனம், நிறம், மதம், பாலினம், தேசிய மரபு, மாற்றுத்திறன், குடும்ப நிலை ஆகிய காரணங்களுக்காக வீட்டை விற்க மறுப்பதைத் தடை செய்கிறது. காலியாக உள்ள வீட்டை இக்காரணங்களுக்காகப் பார்வைக்கோ விற்பனைக்கோ வாடகைக்கோ இல்லை என்று சொல்வதே தனியொரு சட்டமீறல் அங்கே. ‘பார்வைக்கு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். வீடு பார்க்கும் உரிமையைச் சட்டமே பெயர் சொல்லிக் காத்திருக்கிறது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில், தனிப்பட்ட உரிமையாளரும் இனத்தைக் காரணம் காட்டி விற்க மறுக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

சட்டம் வந்ததும் பாகுபாடு ஒழிந்துவிடவில்லை. நாகரிகமான பொய்யாக மாறியது. அதைப் பிடிக்க அவர்கள் ஒரு முறையை வளர்த்தார்கள். ஒரே வருமானம், ஒரே தேவை கொண்டவர்களைப் போல ஒரு கறுப்பினத்தவரையும் ஒரு வெள்ளையரையும் அடுத்தடுத்து வீடு கேட்க அனுப்புவது. வர்ஜீனியாவின் ரிச்மண்ட் பகுதியில் கறுப்பினச் சோதனையாளரிடம் வீடு இல்லை என்றும் வெள்ளையரிடம் இருக்கிறது என்றும் சொன்ன நிறுவனத்தின் மீதான வழக்கு 1982இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. வீடு வாங்கும் நோக்கமே இல்லாமல் சோதிக்க மட்டும் போனவருக்கும், உண்மையான தகவலைப் பெறும் உரிமை உண்டு, அது மறுக்கப்பட்டால் அவர் வழக்குத் தொடரலாம் என்று நீதிமன்றம் கூறியது. 2019இல் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் ‘நியூஸ்டே’ நாளிதழ் மறைகேமராவோடு வீட்டுத் தரகர்களைச் சோதித்து வெளியிட்ட முடிவில், கறுப்பினச் சோதனையாளர்களுக்கு 49 விழுக்காடு சோதனைகளிலும், ஹிஸ்பானியர்களுக்கு 39 விழுக்காட்டிலும், ஆசியர்களுக்கு 19 விழுக்காட்டிலும் வேறுபாடான நடத்தை பதிவானது. சட்டம் வந்து ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு இந்த நிலை. சாதியும் அந்நாட்டை அடைந்துவிட்டது: சியாட்டில் நகர மன்றம் 2023 பிப்ரவரியில் வீட்டுவசதி உட்படப் பல துறைகளில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது.

இந்தியாவில் இம்முறையில் செய்யப்பட்ட ஆய்வு ஒன்றைச் சுகதேவ் தோரட்டும் உடன் ஆய்வாளர்களும் 2015இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி’ இதழில் வெளியிட்டனர். தில்லித் தலைநகர வட்டாரத்தில் வாடகை வீடு தேடுவோராகத் தொலைபேசியிலும் நேரிலும் அணுகிச் செய்த ஆய்வு அது. தலித்துகளும் முஸ்லிம்களும் மறுக்கப்பட்டதையும், கிடைத்தாலும் பாதகமான நிபந்தனைகளோடு கிடைத்ததையும் அது காட்டியது. தமிழகக் கல்லூரி மாணவர்கள் தங்கள் நகரத்தில் இதைச் செய்யலாம். சமூகவியல் துறையின் வழிகாட்டுதலோடு, ஒரே மாதிரியான கேள்விப் படிவத்தோடு, யார் எப்போது யாரிடம் என்ன கேட்டார் என்ற பதிவோடு செய்தால், அது போராட்டத்துக்கும் பயன்படும், மனுவுக்கும் பயன்படும்.

நம் சட்டத்துக்கு வருவோம். அரசியலமைப்பின் 15(2)ஆம் உறுப்பு கடைகள், உணவகங்கள் போன்றவற்றில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கிறது. வீடு விற்பனையைப் பெயர் சொல்லவில்லை. ஆனால் 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில், ‘கடை’ என்ற சொல் எதைக் குறிக்கும் என்ற கேள்விக்கு அம்பேத்கர் அளித்த விளக்கம் விரிந்தது: சேவை அளிக்க முன்வரும் எவருக்கும் அது பொருந்தும் என்பதே அதன் சாரம். உச்ச நீதிமன்றமும் 2011இல் ஒரு வழக்கில் அச்சொல்லை அவ்வாறு விரித்தே வாசித்தது. அப்படியானால், பொதுமக்களை அழைத்து மாதிரி வீட்டைத் திறந்து வைத்திருக்கும் நிறுவனம் ‘கடை’ இல்லையா? இந்த வாதத்தை வலுவாக வைக்க முடியும் என்று நம்புகிறேன். எதிரே நிற்பது 2005ஆம் ஆண்டின் தீர்ப்பு. அகமதாபாத்தில் பார்சிகளுக்கு மட்டும் உறுப்புரிமை என்று விதி வைத்திருந்த கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் அவ்விதியை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சங்கம் அமைக்கும் உரிமை என்ற பெயரில் சாதிவாரிக் குடியிருப்புகளுக்குக் கதவைத் திறந்துவிட்ட தீர்ப்பு அது, மறுபரிசீலனைக்கு உரியது.

பலரும் மறந்துவிட்ட ஒரு சட்டம் இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 4ஆம் பிரிவின் எட்டாம் உட்பிரிவில், எந்தப் பகுதியிலும் குடியிருப்பு இடத்தைக் கட்டுவதிலோ வாங்குவதிலோ அதில் குடியிருப்பதிலோ தீண்டாமையின் பேரில் இயலாமையைச் சுமத்துவதைக் குற்றமாக்குகிறது. ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஆறு மாதம் வரை சிறை, அபராதமும் உண்டு. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருந்தால், அச்செயல் தீண்டாமையின் அடிப்படையிலேயே செய்யப்பட்டது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. அதாவது, ‘சாதிக்காக மறுக்கவில்லை’ என்று மெய்ப்பிக்கும் சுமை மறுத்தவருடையது.

தனியொரு உரிமையாளர் விற்க மறுப்பது ‘இயலாமையைச் சுமத்துவது’ ஆகுமா என்று எதிர்த்தரப்பு வாதிடும். ஆனால் தெருவாரோ, குடியிருப்போர் சங்கமோ, ஊர்ப் பெரியவர்களோ கூடி ‘அவர்களுக்கு விற்கக் கூடாது’ என்று தடுத்தால், அது இப்பிரிவுக்கு நேராகப் பொருந்துகிறது. அப்போது வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் துணைக்கு வரும். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், சமூகப் புறக்கணிப்பையும் பொருளாதாரப் புறக்கணிப்பையும் 3(1)ஆம் பிரிவில் குற்றமாகச் சேர்த்தது; தொழில் தொடர்பு வைக்க மறுப்பதையும் பொருளாதாரப் புறக்கணிப்பின் வரையறை உள்ளடக்குகிறது.

வீடு பார்க்கும்போது சாதி சொல்லி இழிவுபடுத்தினால், அது எங்கே நடந்தது என்பது முக்கியம். பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும் என்பது சட்டத்தின் தேவை. வீட்டு வாயிலருகே, தெருவில் போவோர் பார்க்கும்படி நடந்தால் தனியார் இடமானாலும் பொருந்தும் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் கூறியது. வெளியார் எவரும் இல்லாத நான்கு சுவர்களுக்குள் நடந்தால் பொருந்தாது என்று 2020இல் கூறியது. எனவே உடன் யார் யார் இருந்தார்கள், தரகர் எங்கே நின்றார், வேறு வீடு பார்க்க வந்தவர்கள் இருந்தார்களா என்பதை அன்றிரவே தேதி நேரத்தோடு எழுதி வையுங்கள். குறுஞ்செய்தி, குரல் பதிவு ஆகியவை இருக்கும் கைபேசியை மாற்றிவிடாதீர்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழும் தர வேண்டியிருக்கும். வன்கொடுமைப் புகாரில் முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை என்று 18ஏ பிரிவு சொல்கிறது. விசாரித்துவிட்டுப் பதிகிறோம் என்று காவல் நிலையம் சொன்னால் அப்பிரிவை எடுத்துக்காட்டுங்கள்.

விற்கும் பக்கம்

தலித் குடும்பம் வீட்டை விற்கும்போது சோதனை தலைகீழாக நடக்கிறது. வீட்டை ஆயத்தம் செய்வது பற்றி அமெரிக்கத் தரகர்கள் சொல்லும் முதல் அறிவுரை, குடும்பப் படங்களை அகற்றுங்கள் என்பது. வாங்க வருபவர் அந்த வீட்டில் தம்மைக் கற்பனை செய்துகொள்ள வேண்டுமாம். கறுப்பினத்தவருக்கு அந்த அறிவுரைக்கு வேறொரு பொருள் உண்டு. கலிபோர்னியாவின் மரின் சிட்டியில் ஒரு கறுப்பினத் தம்பதியின் வீட்டை மதிப்பிட்டவர் 9,95,000 டாலர் என்றார். அவர்கள் தங்கள் படங்களை எடுத்துவிட்டு, வெள்ளையரான நண்பர் ஒருவரை வீட்டுக்காரராக நிறுத்தி மீண்டும் மதிப்பிடச் செய்தபோது 14,82,500 டாலர் ஆனது. வழக்குத் தொடர்ந்தார்கள், 2023இல் அது சமரசத்தில் முடிந்தது.

நம் கூடத்தில் தொங்கும் அம்பேத்கர் படத்தை வீடு பார்க்க ஆள் வரும்போது எடுத்துவிடலாமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். தரகர்களே சொல்லவும் செய்கிறார்கள். சட்டத்தில் இதற்கு விடையில்லை. எடுக்க வேண்டாம் என்பேன். எடுத்தவரோடு சண்டையிடவும் மாட்டேன். படத்தை எடுத்தாலும் முகவரி இருக்கிறது. ‘காலனி’ என்ற ஒரு சொல்லே விலையைத் தாழ்த்திவிடும். அச்சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பழைய பத்திரங்களில் அது இன்னும் பல காலம் இருக்கும். எனவே விலை பேசும்போது சொல்லைக் கொண்டு பேச விடாதீர்கள். அரசின் வழிகாட்டி மதிப்பு, அருகிலுள்ள தெருக்களில் அண்மையில் பதிவான விற்பனைகள், கட்டடத்தின் வயது ஆகியவற்றைத் தாளில் எழுதிக் கையில் வைத்திருங்கள். ‘ஏரியா அப்படி’ என்று ஒருவர் இழுத்தால், எப்படி என்று சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலோர் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அதுவும் ஒரு சாட்சியம்.

ஒழுகும் மேல்தளத்துக்கு வெள்ளையடித்து மறைப்பதும், பக்கத்துவீட்டாரோடு உள்ள வழிப்பாதைத் தகராறைச் சொல்லாமல் விடுவதும் 55ஆம் பிரிவுக்கு விரோதம். நம்மவர் விற்றாலும் அது விரோதமே. தொகுப்பு வீடாகவோ, ஆதிதிராவிடர் நலத்துறை வழங்கிய மனையாகவோ இருந்தால், ஒப்படைப்பு ஆணையில் உள்ள நிபந்தனையை முதலில் படித்துவிட்டுப் பிறகு விளம்பரம் செய்யுங்கள்.

தலித்துக்கு விற்க மனமுள்ள பிற சாதி உரிமையாளர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வரும் நெருக்கடி வேறுவகையானது. தெருவார் வருவார்கள், உறவினர் வருவார்கள், கோயில் வரி வாங்க மாட்டோம் என்பார்கள், நல்லது கெட்டதுக்கு வர மாட்டோம் என்பார்கள். குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 7(2)ஆம் பிரிவு இவர்களுக்காக எழுதப்பட்டது. தீண்டாமையைக் கடைப்பிடிக்க மறுத்ததற்காகத் தம் சாதியைச் சேர்ந்தவருக்கு உரிய உரிமையை மறுப்பவரும், அவரைச் சாதிவிலக்கம் செய்வதில் பங்கெடுப்பவரும் தண்டனைக்கு உரியவர்கள். இச்சட்டத்தின் குற்றங்கள் அனைத்தும் காவல்துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கத்தக்கவை. இப்பிரிவைப் பயன்படுத்திப் புகார் கொடுக்க அந்த உரிமையாளர்தான் முன்வர வேண்டும். அவருக்காக வாங்குபவர் கொடுக்க முடியும் என்றாலும், நீதிமன்றத்தில் நிற்கப் போவது அவருடைய சாட்சியம். ஆகவே நெருக்கடி தொடங்கிவிட்டது என்று தெரிந்த நாளிலேயே அவரைச் சந்தித்து, கிரய ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்துவிட்டு, வந்து மிரட்டியவர்களின் பெயர்களை அவர் கையெழுத்திலேயே எழுதி வாங்கி வையுங்கள்.